கரியில் வைத்த செடி

"மண்ணே இல்லாம ஒரு செடி எப்பிடிடா நிக்கும், மொதல்ல அதுக்குப் பதில் சொல்லு..."

"அக்கா, அதுல கைய வெக்காதன்னு உனக்கு எத்தினி வாட்டி..."

"...தொட்டி பூரா வெறும் கரி. அடுப்புல போடறதக் கொண்டாந்து செடிக்குப் போட்டு..."

"...அது கரியிலதான் இருக்கும்க்கா. அதோட வாகு அப்பிடி. அந்தக் கரியெல்லாம் எங்க?"

"...செம்மண்ணு, மக்கின சாணி, கொஞ்சம் மல்லாட்டைப் புண்ணாக்கு. பதமா கலந்து வெச்சிருக்கேன். நாலு நாள்ல பாரு, எப்பிடித் துளுக்குதுன்னு..."

"கரி எங்கக்கா?"

வெள்ளையம்மாள் அப்போதுதான் மூச்சு விட்டாள்.

"சாம்பிராணிக்குப் போட்டுட்டேன்."

"என்னது?"

"வெள்ளிக்கிழமையாச்சே. உன் பொண்டாட்டி படத்துக்குத்தான் காட்டினேன். வேற எவ படத்துக்கோ காட்டிட்ட மாதிரி முழிக்கற."

கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த அம்பிகாவின் படத்தைச் சுற்றிப் புகை இன்னும் கலையாமல் நின்றது. படத்துக்குள் அம்பிகா சிரித்துக்கொண்டிருந்தாள். நடராசனுக்கு அந்தச் சிரிப்பு இன்று கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது.

நடராசன் ரயில்வேயில் கார்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விழுப்புரம் கீழ்ப்பெரும்பாக்கத்தில் சொந்த வீடு. ஓய்வு பெற்ற மறு மாசமே அம்பிகா போய்விட்டாள். வருகிற புதன்கிழமை அவளுக்கு முதல் வருஷத் திதி. அதற்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று வானூர்ப் பக்கம் ஊரிலிருந்து அக்கா வெள்ளையம்மாள் முன்கூட்டியே வந்து சேர்ந்திருந்தாள். ஆயுசு முழுக்க மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் கேப்பையும் பயிர் வைத்த கை அவளுடையது. சும்மா இருக்கத் தெரியாத கை.

அந்தச் செடி, ஆர்க்கிட். ஒரு சாண் உயரம். மகள் ஆர்த்தி பத்தாவது படித்த வருஷம், பாஸ் வாங்கிக் குடும்பத்தோடு பெங்களூர் போய், லால்பாக் மலர்க் கண்காட்சி பார்த்தார்கள். ஊட்டிக்கு அழைத்துப் போகிறேன் என்று கல்யாணமான புதிதில் சொன்ன வாக்குக்கு அதுதான் வட்டி. அங்கே ஒரு கடையில் அம்பிகா நின்றுவிட்டாள்.

"இங்க பாருங்க. மண்ணே கெடையாது. கரித்துண்டப் புடிச்சிக்கினு உயிரோட இருக்குது."

அவள் வாங்கிக்கொடு என்று கேட்கவில்லை. எதையுமே கேட்டதில்லை. பொங்கலுக்குப் புடவையும் அவளேதான் போய் எடுத்துக்கொள்வாள், இவர் டூட்டியில் இருப்பார். அன்றைக்கு என்னவோ நடராசன் தானாகவே பர்ஸை எடுத்தார். ரயிலில் விழுப்புரம் வரும்வரை அம்பிகா அந்தத் தொட்டியை மடியைவிட்டு இறக்கவில்லை. இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து அவர்தான் பிடித்துக்கொண்டார். அவள் ஒரு கையால் தொட்டியை அணைத்தபடி மறு கையால் பிட்டுப் பிட்டுச் சாப்பிட்டாள்.

அன்றிலிருந்து அது துவைக்கிற கல்லுக்கு மேலே, முருங்கை நிழலில் இருந்தது. டூட்டி முடிந்து வந்து செருப்பைக் கழற்றியதும் அவர் ஒரு தடவை எட்டிப் பார்ப்பார். இருக்கும். கூட வேலை பார்த்தவர்களிடம் பெருமையாகச் சொல்வார். "எங்க வீட்டம்மா கை பட்டா எதுவும் பட்டுப்போவாது."

அம்பிகா போன பிறகு அவர் அதைத் தொடவில்லை. பயம். கால் கழுவும்போது தெறிக்கிற தண்ணீர்தான் அதற்கு. அப்படியே ஒரு வருஷம் நின்றது. போன மாதம் பார்த்தால் ஒரு காம்பு நீண்டு, அதில் மூன்று மொட்டு.

ஆர்த்தியிடம் போனில் சொன்னார். அவள் திதிக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று கணக்குப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"திதியன்னிக்கு அம்மா படத்துக்கு அந்தப் பூவத்தான்பா வெக்கணும். கடையில வாங்கிடாதீங்க. அம்மா வெச்ச செடியில பூத்தது."

"வெக்கலாம்மா. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன நாளிலிருந்துதான் செடிக்குக் கெட்ட காலம்.

"மண்ணு வேணாம்னா எடுத்துடறேன் போ. நல்லதுக்குக் காலமில்ல," என்று வெள்ளையம்மாள் தொட்டியைக் கவிழ்த்தாள். மண்ணோடு ஒரு மொட்டும் வந்தது.

இருவரும் அந்த மொட்டைப் பார்த்தார்கள்.

"அது ஏற்கெனவே வாடிக்கினுதான் இருந்துது," என்றாள் அவள்.

இப்போது கரி வேண்டும். ஊரில் எல்லார் வீட்டிலும் கேஸ் அடுப்பு. தெருமுனையில் துணி தேய்க்கிற கண்ணையன்தான் இன்னும் கரிப் பெட்டி வைத்திருப்பவன். மறுநாள் நடராசன் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

"செடிக்குக் கரி வேணும் கண்ணையா. ரெண்டு கை."

"செடிக்கா சார்? குளுருதுங்களா அதுக்கு?"

"குடுப்பா, ஜல்தி."

"பொட்டியில இருந்தத இப்பத்தான் கொட்டினேன். ஆறிப்போச்சு, எடுத்துக்கங்க. அம்மா இருந்தப்போ எங்கிட்டதான் கரி வாங்கினு போவாங்க."

"அப்பிடியா? தண்ணி எப்பிடி ஊத்துவான்னு பாத்திருக்கியா?"

"பாக்காம? துணி குடுக்க வர்றப்போ பாப்பேனே. அரிசி கழுவின தண்ணி. கழனி. அதத்தான் ஊத்துவாங்க, சொம்பு நெறைய."

நடராசன் அதை மனதில் முடிந்துகொண்டார். வீட்டுக்கு வந்து கரியை அடுக்கி, செடியை நிற்க வைத்து, தொட்டியைக் கூடத்திலேயே, அம்பிகாவின் படத்துக்குக் கீழே ஸ்டூலில் வைத்தார். அக்கா கைக்கு எட்டாமல் தன் கண் முன்னாலேயே இருக்கட்டும் என்ற எண்ணம். கை கழுவக் கொல்லைப்புறம் போனார்.

கரி என்பது மேலே ஆறியிருக்கும். உள்ளே என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்.

"நடராசா," என்று கூடத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது. சத்தமாக இல்லை. மிகவும் பவ்யமாக. "நடராசா, இங்க வாடா. அம்பிகா வந்துட்டா."

ஓடி வந்து பார்த்தார். தொட்டியிலிருந்து மெல்லிய புகை ஒன்று நேராக எழும்பிப் படத்தின் முகத்தைத் தடவிக்கொண்டிருந்தது. வெள்ளையம்மாள் கையைக் கூப்பி, கண்ணை மூடியிருந்தாள்.

"நான் வெக்காமலே பொகை வருது பாரு. உத்தமிடா அவ."

"அக்கா, தள்ளு. செடி எரியுது."

சொம்புத் தண்ணீரை அப்படியே கவிழ்த்தார். உஸ்ஸென்று ஒரு சத்தம். ஸ்டூல் கறுத்தது, சுவர் கறுத்தது. செடியின் கீழ் இலை சுருண்டது. இரண்டாவது மொட்டு தரையில் கிடந்தது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு இசைவாணி வந்தாள். காலேஜில் படித்துவிட்டு இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருப்பவள்.

"என்ன அங்கிள், ஏதோ கருகற ஸ்மெல்."

"செடிம்மா. ஆன்டி செடி."

"ஐயோ, அதுக்கு ஐஸ் வெக்கணும் அங்கிள். ஆன்டி டெய்லி ரெண்டு ஐஸ்கட்டி வேர்மேல வெப்பாங்க. எங்க ஃபிரிட்ஜுலேர்ந்துதான் வாங்கினு போவாங்க. மெதுவா கரைஞ்சு இறங்கும்னு சொல்வாங்க."

"ஐஸா? கண்ணையன் கழனின்னான்."

"அவன் என்னாத்தக் கண்டான்," என்றாள் வெள்ளையம்மாள். "நான் தீவாளிக்கு வந்தப்போ பாத்தேன். தண்ணியே ஊத்தல. ஈரத்துணி ஒண்ண எடுத்து எலைய எலையத் தொடச்சிக்கினு இருந்தா. கொழந்தைக்கு மூஞ்சி தொடைக்கற மாதிரி. வெள்ளப் பூவு ஒண்ணு பூத்திருந்துது அப்போ."

"வெள்ளையா? ஊதாக்கா."

"வெள்ளடா. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"நான் வாங்கினது ஊதா."

"அப்போ நான் பாத்தது என்னா, மல்லியா?"

நடராசன் கொஞ்சம் யோசித்தார். "தண்ணி மாறுதில்ல. பெங்களூர் தண்ணி வேற, நம்ம போர் தண்ணி வேற. நிறமும் மாறத்தான் செய்யும்," என்றார். சொல்லச் சொல்ல அவருக்கே அது சரியாகப் பட்டது. இசைவாணி தலையை மட்டும் ஆட்டினாள். கணக்கு டீச்சர், செடி அவள் பாடம் இல்லை.

ஆர்த்தியைக் கேட்டுவிடுவது என்று முடிவானது. போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா எப்பிடிம்மா தண்ணி ஊத்துவா?"

"ஊத்தவே மாட்டாங்கப்பா. பக்கெட்ல தொட்டியோட முக்கி எடுப்பாங்க. ஏம்பா, செடி நல்லாத்தான இருக்கு?"

"நல்லா இருக்குதும்மா. ஜம்முனு இருக்குது."

"மொட்டு?"

நடராசன் அக்காவைப் பார்த்தார். அக்கா சுவரைப் பார்த்தாள்.

"இருக்குது," என்றார். பொய் இல்லை. ஒன்று இருந்தது.

போனை வைத்த பிறகு அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். கறுத்த ஸ்டூல் என்பது மறந்துபோய், வேட்டியும் கறுத்தது.

"நாலு பேரு நாலு விதமா சொல்றாங்களேக்கா. எல்லாரும் பாத்தேங்கறாங்க. கூடவே இருந்த நான்தான் பாக்கல."

"நீ எங்க கூட இருந்த. நீ ரயில்ல இருந்த," என்றாள் வெள்ளையம்மாள். திட்டுவதற்காகச் சொல்லவில்லை. சும்மா சொன்னாள். அதனால்தான் அது உள்ளே போய் உட்கார்ந்தது.

ஆளாளுக்குச் சொன்னதில் எதை விடுவது என்று தெரியாததால் நடராசன் எல்லாவற்றையும் செய்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈரத்துணியால் இலைகளைத் துடைத்து, கழனித் தண்ணீர் நிறைந்த பக்கெட்டில் தொட்டியை முக்கினார். அது சூடாக இருந்துவிடப் போகிறதே என்று இசைவாணி வீட்டு ஐஸை அதில் போட்டார். முக்கி எடுப்பதற்குள் திதிக்குச் சொல்லியிருந்த ஐயர் போன் செய்தார். எள்ளு, தர்ப்பை, வாழைக்காய் என்று அவர் அடுக்கிக்கொண்டே போக, இவர் கேட்டுக்கொண்டே வாசலுக்கு வந்து, அப்படியே கடைத்தெருவுக்கும் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது சாயங்காலம். பக்கெட்டைக் காணோம்.

"அக்கா, இங்க ஒரு பக்கெட்டு இருந்துதே."

"கழனிதான? எதிர்வூட்டு மாட்டுக்குக் குடுத்தனுப்பினேன்."

"அதுக்குள்ள செடி இருந்துதுக்கா."

எதிர்வீட்டு மாடு நல்ல மாடு. கழனியைக் குடித்துவிட்டு, அடியில் கிடந்த தொட்டியை ஒரு நக்கு நக்கிப் பார்த்து, ருசி பிடிக்காமல் விட்டிருந்தது. இலை ஒன்று பாதி இல்லை. மொட்டு ஒன்று மட்டும் காம்பின் நுனியில், எதற்கு இருக்கிறோம் என்று தெரியாமல் இருந்தது.

"மாடே வேணாம்னுட்டுது," என்றாள் வெள்ளையம்மாள். "பேஜாரு புடிச்ச செடி."

நடராசன் அன்று ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றார். அக்கா வற்புறுத்தவில்லை. ஒரு டம்ளர் மோரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, அவளும் கீழே உட்கார்ந்தாள்.

"வுடுடா. கடையில ஒரு பூவு வாங்கி வெச்சாப் போச்சு. அவ என்னா வந்து கேக்கவா போறா."

"அவ எப்பவும் கேட்டதில்லக்கா. அதான் கஷ்டமா இருக்குது."

இசைவாணிதான் போனில் தேடிப் பார்த்துச் சொன்னாள். ஆர்க்கிட் விற்கிற நர்சரி பக்கத்தில் என்றால் திண்டிவனத்தில், பாண்டி ரோட்டில் ஒன்று இருக்கிறது. அங்கே கொண்டுபோய்க் காட்டினால் ஏதாவது மருந்து சொல்வார்கள்.

திங்கட்கிழமை காலை நடராசன் தொட்டியை ஒரு மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு பாசஞ்சர் ஏறினார். கீழே வைக்க மனம் வரவில்லை. மடியில் வைத்துக்கொண்டார். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள், "கோயில் பிரசாதங்களா?" என்று கேட்டாள்.

"இல்லிங்க. ஆஸ்பத்திரிக்கு."

அந்த அம்மாள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி என்று பழைய ஸ்டேஷன்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. மயிலம் தாண்டியதும் அவர் தானாகவே ஜன்னல் பக்கம் திரும்பினார். திண்டிவனம் அம்பிகா பிறந்த ஊர். கல்யாணமான புதிதில் ஆடி மாதத்துக்கு அவளை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். இவருக்கு அப்போது கூட்ஸ் வண்டி. வண்டி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, டிரைவருக்கே தெரியாது. ஆனாலும் ஊருக்கு முன்னால் உள்ள ரயில்வே கேட்டில் அவள் நிற்பாள், கையில் ஒரு காய்கறிக் கூடையோடு, ஏதோ கடைக்குப் போகிறவள் மாதிரி. கடைசிப் பெட்டியில் நின்று இவர் பச்சைக் கொடியைக் காட்டுவார். ரயில்வே விதிப்படி அங்கே கொடி காட்ட ஒரு காரணமும் கிடையாது.

"வெயில்ல எவ்ளோ நேரம் நின்ன?" என்று ஊருக்குத் திரும்பியதும் கேட்டார்.

"நிக்கலியே. அப்பத்தான் வந்தேன்," என்றாள் அம்பிகா.

அவள் அப்படித்தான். இவர் மனசு கஷ்டப்படுகிற எதையும் அவள் வாயிலிருந்து வாங்க முடியாது.

இப்போது அந்த இடத்தில் மேம்பாலம். வண்டி அதன் கீழே இருட்டாகப் போய் வெளியே வந்தது. நடராசன் மடியில் இருந்த பையை இன்னும் கொஞ்சம் இழுத்து அணைத்துக்கொண்டார்.

ஷேர் ஆட்டோக்காரன் நர்சரி வாசலிலேயே இறக்கிவிட்டான். பச்சை வலை கட்டிய பந்தல். அதன் கீழே ஒரு பெண் உட்கார்ந்து சின்னச் சின்ன ஆர்க்கிட்டுகளைத் தேங்காய் மட்டையில் வைத்து நூலால் கட்டிக்கொண்டிருந்தாள். நடுத்தர வயசு. அங்கே வேலை செய்கிறவள். "சின்னபொண்ணு, தண்ணி மோட்டார நிறுத்து," என்று யாரோ உள்ளேயிருந்து சொல்ல, எழுந்து போய் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"என்னா சார் வேணும்?"

நடராசன் பையிலிருந்து தொட்டியை எடுத்து அவள் முன்னால் வைத்தார். குழந்தையை டாக்டரிடம் காட்டுகிற மாதிரி கொஞ்சம் திருப்பியும் காட்டினார்.

சின்னபொண்ணு குனிந்து முகர்ந்து பார்த்தாள்.

"இன்னா சார் இது, சாணி அடிக்குது, கஞ்சி அடிக்குது, கரிஞ்ச நாத்தம் வேற. இந்த எலைய யாரு கடிச்சாங்க?"

"எதிர்வீட்டு மாடு."

"மாடு வேறயா."

"வீட்ல ஆளுக்குக் கொஞ்சம் பாத்துக்கிட்டோம். பொழைக்குமாம்மா?"

"எங்கிட்டக் கேட்டா? எனக்கு விக்கத்தான் சார் தெரியும். ஓனரு மரக்காணம் போயிருக்காரு. அவருக்கும் விக்கத்தான் தெரியும்." அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "புதுசு ஒண்ணு எடுத்துக்கினு போங்களேன். இதே ஜாதி இருக்குது, பூவோட."

"புதுசு வேணாம்மா. இது எங்க வீட்டம்மா வெச்சது. புதன்கிழமைக்குள்ள இந்த ஒரு மொட்டு பூத்துடணும். அது போதும்."

"மொட்டு பச்சையாத்தான் இருக்குது. யாரும் தொடாம இருந்தீங்கன்னா பூத்தாலும் பூத்துடும்." அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வேட்டியும், மஞ்சள் பையும், முகமும். பாவமாக இருந்திருக்க வேண்டும். பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டாள். "குந்துங்க சார். எந்த ஊரு?"

"விழுப்புரம்."

"அடடே." சின்னபொண்ணுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மனசு வுடாதீங்க சார், இந்தச் செடி யாருக்கும் சாமானியத்துல நிக்காது. உங்க ஊருலேருந்தே ஒரு அம்மா வருவாங்க. அவங்க வூட்டுக்காரரு ரயில்ல கார்டாம், ஆசப்பட்டு பெங்களூர்ல வாங்கியாந்து குடுத்தாராம். அது ஒரே மாசத்துல செத்துப்போச்சாம். அந்த மனுசன் எனக்குன்னு பாத்து வாங்கினது அது ஒண்ணுதான், செத்துப்போச்சுன்னு எந்த வாயால சொல்றதும்பாங்க. கழனி, ஐஸு, ஈரத்துணி, பக்கெட்டு, எல்லாம் பண்ணிப் பாத்துட்டாங்க. ஒண்ணும் நிக்கல. அவரு டூட்டிக்குப் போற அன்னிக்கு இங்க ஓடியாந்து, புதுசா ஒண்ணு வாங்கினு போயி அதே தொட்டியில வெச்சிடுவாங்க. அதே கலரு இல்லன்னா கூட சரி குடு, அவருக்குத் தெரியாதும்பாங்க."

அவள் அடுத்த செடியை எடுத்து மட்டையில் வைத்து, நூலைச் சுற்ற ஆரம்பித்தாள்.

"ஒரு வருசமா ஆளையே காணோம். கடைசியா வாங்கினு போனது மட்டும் சாவாம நின்னுடுச்சி போலருக்குது, இல்ல சார்?"